மூன்று சீட்டுக்கு மேல் கிடையாது: சுவர்ப் பலகையோடு சில வருஷ அனுபவம்

வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொருளைப் பற்றியே பேசுகிறார்கள், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எந்த டப்பாவில் எதை அடைப்பது என்று. எங்கள் வீட்டு மேஜையையும் நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டிருந்தவற்றில் வேண்டாத பொருள் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே பாதியில் நின்ற வேலைகள். பட்டன் தைக்க எடுத்து வைத்த சட்டைகள், பிரிக்க ஆரம்பித்து விட்டுவிட்ட பழைய ரசீதுக் கட்டு, அலமாரிக் கதவின் கீலை மாற்றக் கழற்றிய ஸ்க்ரூக்கள், பக்கத்திலேயே டிரில் மெஷின், நான் எழுத வேண்டிய கணக்கியல் தேர்வுக்கான புத்தகங்கள். இதில் எதைத் தூக்கிப் போட முடியும்? அதனால் பொருளைக் குறைக்கும் முறைகளை ஓரம் கட்டிவிட்டு, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளைக் குறைக்கும் முறை ஒன்றைப் பிடித்தோம். சில வருஷமாக வீடு அதில்தான் ஓடுகிறது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன்.

அமைப்பு ரொம்பச் சின்னது. ஒரு ஒயிட்போர்டு, அதில் மூன்று கட்டம்: 'செய்யணும்', 'நடக்குது', 'முடிஞ்சது'. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டிக்கி நோட், வேலை நகர நகரச் சீட்டும் நகரும். இதற்குப் பெயர் கான்பான். டொயோட்டா தொழிற்சாலையில் 1950களில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் கொண்டுவந்தது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்துப்போன அளவுக்குத்தான் அலமாரியில் மறுபடி சரக்கு நிரப்புவார்கள் இல்லையா, அந்த யோசனையைத் தொழிற்சாலைக்குள் வைத்து, அடுத்த கட்டம் கேட்டால் மட்டும் முந்தைய கட்டம் உதிரிபாகம் செய்தால் போதும் என்று ஆக்கினார். 2000களில் மென்பொருள் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன, என் கணவர் அலுவலகத்தில் சுவர் முழுக்க இந்தச் சீட்டுகள்தான், அங்கிருந்துதான் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

பலகை, சீட்டு, கலர் மார்க்கர் எல்லாம் இரண்டாம்பட்சம். இந்த முறையின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது: 'நடக்குது' கட்டத்தில் மூன்று சீட்டுக்கு மேல் கூடாது. நாலாவது வேலையைத் தொட ஆசைப்பட்டால் மூன்றில் ஒன்றை முடித்து வெளியே அனுப்பு, இல்லை வெட்கப்படாமல் 'செய்யணும்' பக்கத்துக்கே திருப்பி அனுப்பு. இந்த விதியைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது சுவரில் மாட்டிய இன்னொரு வேலைப் பட்டியல், அவ்வளவுதான். அப்படித்தான் பல வீடுகளில் பலகை வாங்கின கொஞ்ச நாளிலேயே அதன் மேல் கல்யாணப் பத்திரிகையும் கரண்ட் பில்லும் ஒட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஏன் இது வேலை செய்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஆட்களும் வேலைகளும் காத்து நிற்கும் வரிசைகளைப் பற்றி ஆராய்ந்த ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி: ஒரு அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை என்பது, வேலைகள் முடியும் வேகத்தை ஒரு வேலை உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். வாரத்துக்கு 3 வேலை முடிக்கிற குடும்பம் 12 வேலையைத் தொட்டு வைத்திருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம் மேஜையில் கிடக்கும். அதே குடும்பம், அதே உழைப்பு, 3 வேலையை மட்டும் தொட்டிருந்தால் ஒவ்வொன்றும் 1 வாரத்தில் கிளம்பிவிடும். யாரும் கூடுதலாக ஒரு நிமிஷம்கூட உழைக்கவில்லை, ஆனால் மேஜையில் கிடப்பது நாலில் ஒரு பங்காகிவிட்டது. வீடு சுத்தமாகத் தெரிகிறது என்று வருகிறவர்கள் சொல்வதற்கு எங்கள் சுறுசுறுப்பு காரணமே இல்லை, இந்தப் பெருக்கல்தான் காரணம்.

விதியைக் காவல் காப்பது யார் என்பது முக்கியமான கேள்வி. பெரியவர்கள் தங்களுக்கே சலுகை கொடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை தானாகவே மகளிடம் போய்விட்டது, அவளுக்கு இப்படி ஒரு அதிகாரம் கிடைத்ததில் பரம சந்தோஷம். அவள் அப்பா நைஸாக நாலாவது சீட்டை ஒட்டப் போனால், "அப்பா, மூணு ஆயிடுச்சு, எதை எடுக்கப் போறீங்க?" என்று ஹாலில் இருந்தே குரல் வரும். மனுஷர் "இது சின்ன வேலைடா கண்ணா" என்று இழுப்பார். சின்ன வேலை என்றால் சீட்டே எதற்கு, இப்போதே செய்துவிட்டு வாருங்கள் என்பது அவளுடைய வாதம். மறுக்க முடியாத வாதம்.

அப்புறம் 'முடிஞ்சது' என்றால் என்ன என்பதில் நாங்கள் கறாராக இருக்கிறோம். கதவு மாட்டியாகிவிட்டது என்பதற்காகச் சீட்டு நகராது. டிரில் மெஷின் அதன் பெட்டிக்குள்ளும் பெட்டி பரணுக்கும் போனால்தான் நகரும். பட்டன் தைத்தால் போதாது, சட்டை அலமாரிக்குள் தொங்க வேண்டும். தனியாக 'வீட்டை ஒதுங்க வைக்கும் நாள்' என்று ஒன்றை வைக்காமலே வீடு ஓரளவு ஒழுங்கில் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒதுங்க வைப்பது ஒவ்வொரு வேலையின் கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் போய்விட்டது.

சரி, பெரிய இலக்குகள்? அங்கேதான் சீட்டு எழுதும் விதம் வருகிறது. 'தேர்வுக்குப் படிக்கணும்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினால் அது மாதக்கணக்கில் நடுவில் உட்கார்ந்து ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நம்மையே முறைக்கும். 'தேய்மானம் அத்தியாயத்தின் பயிற்சிக் கணக்குகள்' என்று எழுதினால் அது நகரும். ஒரு வாரத்துக்குள் முடியக்கூடிய அளவுக்கு வெட்ட வேண்டும், முடிந்தது என்று யார் பார்த்தாலும் தெரிய வேண்டும், இவ்வளவுதான் அளவுகோல்.

இதில் இன்னொரு சின்ன தந்திரமும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு காபிக்கும் ஒரு முத்திரை குத்தி, அட்டை நிரம்பினால் ஒரு காபி இலவசமாகத் தரும் காபிக் கடை அட்டையை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சிலருக்கு 10 கட்டம் உள்ள வெறும் அட்டை, சிலருக்கு 12 கட்டம் உள்ள அட்டை, ஆனால் 2 கட்டத்தில் ஏற்கெனவே முத்திரை குத்தியிருக்கும். இரண்டு பேரும் வாங்க வேண்டியது அதே 10 காபி. ஆனாலும் 2 முத்திரையோடு ஆரம்பித்தவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். பொதுவாகவும் அட்டை நிரம்ப நிரம்ப ஆட்கள் அடிக்கடி வாங்கினார்கள். முடிவை நெருங்க நெருங்க வேகம் கூடும் என்று கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் 1930களில் எலிகளை ஓடவிட்டே பார்த்திருக்கிறார். அதனால் பெரிய சீட்டில் உள்படிகளை எழுதும்போது, ஏற்கெனவே ஆன படிகளையும் எழுதி டிக் போட்டுவிடுவேன். 'புத்தகம் எடுத்தாச்சு, பாடம் ஒரு தடவை படிச்சாச்சு' என்று இரண்டு டிக்கோடு சீட்டு உள்ளே வரும். நம்மை நாமே ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தும் இது பலிக்கிறது, ஏன் என்று நான் ரொம்பத் துருவவில்லை.

உற்சாகம் என்ற சமாச்சாரத்தைப் பற்றி என் கருத்து: அது முதலில் வந்து வேலையை ஆரம்பித்து வைக்கும் என்று காத்திருப்பது வீண். ஹார்வர்ட் பேராசிரியர் தெரேசா அமாபிலேயும் அவர் குழுவும் 238 ஊழியர்களிடம் சுமார் 12,000 நாட்குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனம் உற்சாகமாக இருந்த நாட்களோடு அதிகம் சேர்ந்து வந்தது அன்றைய வேலையில் கொஞ்சமாவது முன்னேறியிருந்ததுதான். சீட்டு நகர்கிற வீட்டில் மறுநாள் இன்னொரு சீட்டு நகர்வது சுலபம், சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்றுமே நகராத வாரங்களும் உண்டு, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் போதும். அந்த வாரங்களில் வரம்பை 1 என்று ஆக்கிவிடுகிறோம். பலகையை மொத்தமாகக் கைவிடாமல் இருப்பதற்கு இது நல்ல வழி.

எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. 'செய்யணும்' பக்கத்தில் நாற்பது சீட்டு இருந்தாலும் அது மனதை அரிப்பதில்லை. முடியாத வேலைகள் தலைக்குள் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் எப்போது எப்படிச் செய்வது என்று திட்டமாகக் குறித்துவிட்டால், வேலை முடியாமலே அந்தக் குறுக்கீடு அடங்கும் என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் காட்டினார்கள். படுத்த பிறகு ஞாபகம் வரும் வேலைகளுக்காகக் கட்டில் பக்கத்திலும் ஒரு சீட்டுக் கட்டு வைத்திருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் தூக்கம் வருகிறது.

இனி குறைகள்.

பெரிய ஓட்டை நாங்களே போட்ட நாலாவது கட்டம்: 'காத்திருக்கு'. கீல் ஆர்டர் செய்தாயிற்று, வரவில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்று, பதில் இல்லை. இதெல்லாம் நம் கையில் இல்லாத வேலை, மூன்றில் சேர்ப்பது நியாயம் இல்லை என்று ஒரு கட்டம் திறந்தோம். திறந்த சில வாரத்திலேயே சலித்துப்போன வேலை எல்லாம் அங்கே போய்ச் சேர ஆரம்பித்தது. ஒருத்தருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதெல்லாம் காத்திருப்பா? போன் பண்ணியாகிவிட்டது, அவர் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்றால் காத்திருப்பு. பண்ணவே இல்லை என்றால் அது சோம்பல். இப்போது அந்தக் கட்டத்துக்குள் நுழைய இரண்டு நிபந்தனை: யாருக்காகக் காத்திருக்கிறோம் என்ற பெயர், எந்தத் தேதியில் மறுபடி கேட்போம் என்ற தேதி. இரண்டும் எழுத முடியாத சீட்டு உள்ளே போகாது. தேதி கடந்த சீட்டு 'நடக்குது'வுக்கு வந்து மூன்றில் ஒரு இடத்தைப் பிடிக்கும். இதைக் கொண்டுவந்த பிறகு பாதிச் சீட்டுகள் காணாமல் போயின. கான்பான் தொடங்கப்போகும் யாருக்கும் நான் சொல்லும் ஒரே எச்சரிக்கை இந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

அடுத்தது, தினசரிப் பழக்கங்களுக்கு இந்தப் பலகை லாயக்கில்லை. பாத்திரம் கழுவுவதும் காலை நடையும் எப்போது 'முடிஞ்சது'க்குப் போகும்? அதற்கு ஒரு மாதக் காலண்டரை ஓரத்தில் தொங்கவிட்டு, செய்த நாளில் கோடு போடுகிறோம். 21 நாளில் பழக்கம் ஆகிவிடும் என்று சொல்லும் கதையை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர எடுத்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை நீண்டது, நடு மதிப்பு 66 நாள். எனக்கு அதைவிடப் பிடித்த செய்தி அதே ஆய்வில் இருக்கிறது: ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை. தொடர்ச்சி அறுந்தால் பூஜ்ஜியத்துக்குத் தள்ளிவிடும் ஆப்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை மலிவான மெலமைன் (ஒரு வகைப் பிளாஸ்டிக் பூச்சு) பலகை முதலில் பளிச்சென்று இருக்கும், நாளாக ஆக மேற்பரப்பு தேய்ந்து மை உள்ளே இறங்கி, எவ்வளவு துடைத்தாலும் பழைய எழுத்து நிழலாகத் தெரியும். எங்களுடையது அந்த நிலைக்கு வந்துவிட்டது. பழைய கோட்டின் மேலேயே புது மார்க்கரால் தடவி உடனே துடைத்தால் கொஞ்சம் போகும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இன்னும் நன்றாக எடுக்கும். எனாமல் பூசிய எஃகுப் பலகைக்கு இந்தத் தொல்லை குறைவு, காந்தமும் ஒட்டும். ஸ்டிக்கி நோட் சுருண்டு விழுகிறது என்று புலம்புகிறவர்கள், சீட்டுக் கட்டிலிருந்து எடுக்கும்போது கீழிருந்து மேலாக இழுக்காமல் பக்கவாட்டில் உரித்துப் பாருங்கள், தட்டையாக நிற்கும். மின்விசிறிக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள்.

ஆப்பிலேயே செய்யலாமே என்றால், செய்யலாம். நாங்களும் ஒன்றை வைத்திருந்தோம். வெளியூரில் இருக்கும்போதும் ஒருவருக்கொருவர் சேதி சொல்லவும் அது வசதி. ஆனால் அதைத் திறந்தால்தான் தெரியும், திறக்கப் போன கை வேறு எதையோ திறந்துவிடும். சுவர் யாரும் திறக்காமலே தெரிகிறது. தனியாக வசிப்பவர், அதிகம் பயணம் செய்பவர் என்றால் ஆப்பே போதும். வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்து, யார் எதை எடுத்துச் செய்கிறார்கள் என்பதில்தான் சண்டை என்றால் பலகையை மாட்டுங்கள். ஒரு சங்கடம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் படிப்பார்கள். கடன், மருத்துவம் மாதிரி விஷயங்களுக்கு நாங்கள் ஒரு குறியீட்டுச் சொல் எழுதி ஒட்டுகிறோம்.

தேர்வில் இரண்டு தாள் முடித்துவிட்டேன், மூன்றாவது பலகையில் இருக்கிறது. பழைய பலகைக்குப் பதில் எனாமல் பலகை வாங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அதில் தனக்கென்று தனி வரிசை வேண்டும் என்று மகன் கேட்கிறான், கொடுக்கலாம், ஆனால் இவனுக்கு இரண்டு சீட்டு வரம்பே ஜாஸ்தி என்று அக்கா தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள், அதை எதிர்த்து அவன் மேல்முறையீடு செய்திருக்கிறான்.