சினைப்பைப் புற்றுநோய்: ஓர் ஆலோசனைச் சேவை பற்றி

அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் மூன்றாம் நிலையில் இருப்பது உறுதியானதும், மகளிர் புற்றுநோய்ப் பிரிவு ஒன்றின் ஆலோசனைச் சேவையை நாடினோம். வயிற்று உப்புசத்தையும், இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுவதையும் வாயுத் தொல்லை என்றே மாதக்கணக்கில் எண்ணியிருந்த எங்களுக்கு, மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளில் சினைப்பைகளை வரைந்து, கட்டி வயிற்றின் உட்சவ்வில் பரவிய இடங்களைப் பேனாவால் புள்ளியிட்டுக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் அகற்றுவதே அறுவை சிகிச்சையின் நோக்கம் என்றும், கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் என்னும் கீமோதெரபி மருந்துகள் 3 வாரத்துக்கு ஒருமுறையாக 6 சுற்றுகள் தரப்படும் என்றும், இரத்தப் பரிசோதனையில் பார்க்கப்படும் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு மாதவிடாயின்போதுகூட உயரக்கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்வதில்லை என்றும் பொறுமையாக விளக்கினார். இந்நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் குடும்பவழி வந்துள்ளதா என்று காட்டும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையைப் பற்றி நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். தங்கையான எனக்கும் அது முக்கியம் என்பதால், இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.