‘ராலிக்குத் தயார்’ என்று விற்கப்படும் பழைய எஸ்கார்ட் கார்கள்: ஓர் எச்சரிக்கை

கென்யாவில் பழைய கார்களுக்காக நடைபெறும் நெடுந்தூரப் பந்தயமான ஈஸ்ட் ஆப்பிரிக்கன் சஃபாரி கிளாசிக் ராலியில் ஓட்டுவதற்காக, முழுமையாகத் தயார் செய்யப்பட்டது என்ற உறுதிமொழியை நம்பி நான் வாங்கிய ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2 கார், போட்டியின் இரண்டாம் நாளிலேயே பின்பக்கம் பிய்ந்து நின்றுவிட்டது. விவகாரம் வழக்கறிஞர் கையில் இருப்பதால் பணிமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய முறையை மட்டும் எழுதுகிறேன்.

1977ஆம் ஆண்டு சஃபாரி ராலியில் பியோர்ன் வால்டெகார்ட் வென்றது எஸ்கார்ட் காரில்தான் என்பதையே விற்றவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான். ஆனால் தொழிற்சாலை அணி அந்த ஓட்டத்திற்கென்றே உருவாக்கிய காருக்கும், தெருவில் ஓடிக் களைத்த ஒரு பழைய பாடிக்கும் உருவம் ஒன்று என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தையல் தையலாக வெல்டிங் செய்யப்பட்ட பாடி, டிக்கிக்குள் எழுப்பிய புதிய டரட்டுகள் (பின்பக்க ஷாக் அப்சார்பர்களின் மேல்முனையைத் தாங்கும் கூடுகள்), புதிய கேஸ் ஷாக் அப்சார்பர்கள், எஞ்சினின் அடிப்பகுதியைக் கல்லடியிலிருந்து காக்கும், தடித்த அலுமினியக் கலவையிலான சம்ப் கார்டு ஆகிய அனைத்தும் விலைப்பட்டியலில் தனித்தனியாக இருந்தன. வேலை நடக்கும் படங்களும் வந்துகொண்டே இருந்ததால், மொத்தத் தொகையில் 80 விழுக்காட்டை நேரில் போய்ப் பார்க்காமலேயே செலுத்தினேன்.

முதல் அறிகுறி வாகனப் பரிசோதனையில் தெரிந்தது. உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் தர முத்திரை பெற்ற சீட் பெல்ட்டின் லேபிளில், அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். என் காரின் பெல்ட்டுகளில் அந்த லேபிளே கிழிக்கப்பட்டிருந்தது. வேறொரு அணியினர் உதிரியாக வைத்திருந்த பெல்ட்டுகளைக் கொடுத்து உதவியதால் தொடக்கக் கோட்டைத் தாண்டினோம். அன்றே பின்வாங்கியிருக்க வேண்டும் என்று பிறகு என் நேவிகேட்டர் சொன்னார், நியாயமாகவே.

முதல் நாள் செம்மண் சரளைப் பாதைகளை எப்படியோ கடந்தோம். மறுநாள் கஜியாடோ பக்கத்தில் கரிசல் தொடங்கியது. எங்கள் கோவில்பட்டிக் காடுகளில் பார்த்த அதே கறுப்பு மண். மழையில் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் பொடியாகிக் கல்லையும் குழியையும் ஒருசேர மூடிவிடும். அப்படி மூடியிருந்த ஒரு வறண்ட ஓடையில் பின்சக்கரங்கள் இறங்கி எழுந்தபோது, இடதுபக்க டரட் பாடியிலிருந்து கழன்று டிக்கியின் மூடியை முட்டிக்கொண்டு நின்றது.

மாலையில் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது எல்லாம் புரிந்தது. டரட்டைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓட வேண்டிய வெல்டிங் நான்கைந்து இடங்களில் பொட்டுப் பொட்டாக மட்டுமே இருந்தது. இடைவெளியைச் சீலர் பசையால் நிரப்பி, மேலே அண்டர்கோட்டிங் அடித்து மறைத்திருந்தார்கள். ஷாக் அப்சார்பரின் புதிய ஸ்டிக்கருக்கு அடியில் பழைய ஸ்டிக்கர் இருந்தது. பிரித்தபோது கறுத்த எண்ணெய் வழிந்தது, சீல்கள் கல்லாக இறுகியிருந்தன. சம்ப் கார்டில் காந்தம் ஒட்டியது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வாங்கிய அன்று ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லும் புத்தி எனக்கு இல்லை.

ஆகவே இத்தகைய காரை வாங்க நினைப்பவர்கள், பெயிண்டும் அண்டர்கோட்டிங்கும் அடிப்பதற்கு முன்பாக வெற்றுத் தகடாக நிற்கும் பாடியை நேரில் பார்த்து, வெல்டிங்கை விரலால் தடவி, அதன் பிறகே அடுத்த தவணையைச் செலுத்துங்கள். ஷாக் அப்சார்பர்களுக்கு வரிசை எண்ணுடன் கூடிய அசல் பில்லைக் கேளுங்கள். நேரில் போக முடியாதவர்கள், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிற்குக் கட்டணம் கொடுத்தாவது அனுப்புங்கள். நான் இழந்த நுழைவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

எனக்கு வந்த படங்களை இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். நேர்த்தியான அந்த வெல்டிங் என் காருடையதே அல்ல; படத்தில் உள்ள பாடியின் இடது டரட் அருகே சாக்பீஸால் 7 என்று எழுதியிருக்கிறது, தரைத் தகட்டில் என் காரில் இல்லாத ஓர் ஒட்டுத் துண்டும் தெரிகிறது. பணிமனை ஷாக் அப்சார்பர்களின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. வெள்ளை எஸ்கார்ட் ஒன்றை வாங்கவிருக்கும் நண்பர், தமக்கு வந்த படங்களைச் சென்ற வாரம் என்னிடம் காட்டினார். அவற்றிலும் அந்த 7 இருந்தது.