18 வயதுக்குப் பிறகு ஆட்டிசம் மதிப்பீடு: எந்தக் கருவி எதற்கு உதவும்?

ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு 18 முடிந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்பது பழைய கேள்வி. இனிமேல் தெரிய வேண்டியது, காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரை எந்தெந்த வேலைக்கு யாராவது கூட இருக்க வேண்டும், எவ்வளவு நேரம், எந்த மாதிரி உதவி என்பதுதான். இதற்கென்று பல மதிப்பீடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. ஆனால் பல வீடுகளில் கையில் கிடைத்த முதல் ரிப்போர்ட்டையே எல்லாவற்றுக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முதல் ரிப்போர்ட் பெரும்பாலும் ஐசா, அதாவது ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 200. 70 வந்தால் 40 சதவீத ஊனம், 158-ஐத் தாண்டினால் 100 சதவீதம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சலுகைகள் பலவற்றுக்கும் அந்த 40 சதவீதம்தான் வாசற்படி, அதனால் ஐசா வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள்: கண்ணைப் பார்க்கிறாரா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, சத்தத்துக்கு எப்படி நடந்துகொள்கிறார். குளிப்பது, சமைப்பது, பஸ் ஏறுவது, சம்பளப் பணத்தைக் கையாள்வது எதுவும் அதில் இல்லை. 60 சதவீத ஊனம் என்று அடையாள அட்டையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் தனியாக ஊருக்குப் போய்வருவார், இன்னொருவரை வீட்டில் பத்து நிமிடம் தனியாக விட முடியாது.

அடுத்து, அறிவுசார் குறைபாட்டுக்காக நம் ஊரில் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பழைய வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். எட்கர் டால் 1935-இல் உருவாக்கியது, அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றியவர் மாலின். இந்திய வடிவத்தில் 89 கேள்விகள், அதுவும் 15 வயது வரைக்கும்தான். 32 வயதுக்காரரை இதில் வைத்துப் பார்த்து 'சமூக வயது 8' என்று எழுதிக் கொடுத்தால், வீட்டில் அவரை எட்டு வயதுப் பிள்ளையாகவே நடத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். கதவைத் தாழ்போட்டுக்கொள்ளக்கூட அனுமதி கேட்க வேண்டியதாகிவிடுகிறது. பெரியவர்களுக்கு இந்த அளவுகோலை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, புதியவை? அன்றாட வாழ்க்கைத் திறன்களை அளக்க இரண்டு கருவிகள் இருக்கின்றன. 2016-இல் வந்த வைன்லேண்ட்-3, 90 வயது வரை போகும். ஏபாஸ்-3 அதற்கு ஓராண்டு முந்தியது, 89 வரை. இரண்டும் கேட்பது 'தெரியுமா' என்று இல்லை, 'வழக்கமாகச் செய்கிறாரா' என்று. இந்த வித்தியாசம் ஆட்டிசத்தில் ரொம்ப முக்கியம். பட்டப்படிப்பு முடித்து ஐக்யூவும் நன்றாக இருக்கிற பலருக்கு, வேளைக்குச் சாப்பிடுவதும் துணி துவைப்பதும் அந்த ஐக்யூவுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. வைன்லேண்ட்-3-இல் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பேசிப் பேசி விவரம் எடுக்கலாம், நல்ல சைக்காலஜிஸ்ட் கிடைத்தால் இது ஆழமாகப் போகும். ஏபாஸில் எனக்குப் பிடித்தது வேறு: முடியாது என்பதற்கு ஒரு மதிப்பெண், முடியும் ஆனால் கிட்டத்தட்ட செய்வதே இல்லை என்பதற்குத் தனி மதிப்பெண். பதில் ஊகம்தான் என்றால் அதையும் குறிக்க இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வயது வந்தவர் தானே நிரப்பவும் படிவம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே குறை, ஒப்பிடும் சராசரி அமெரிக்கர்களுடையது, காசும் ஆகும்.

அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 இலவசம். 36 கேள்வி வடிவமும் 12 கேள்வி வடிவமும் இருக்கின்றன, கடந்த 30 நாட்களைப் பற்றியே கேட்கும். வேலையைச் செய்து முடித்தாரா என்பதோடு நிற்காமல், எவ்வளவு சிரமப்பட்டார், எவ்வளவு கூடுதல் நேரம் பிடித்தது என்பதையும் சிரமக் கணக்கில் சேர்க்கிறது. ஆபீஸ் போய்வந்து ராத்திரி முழுக்க விளக்கை அணைத்துவிட்டு யாரிடமும் பேச முடியாமல் படுத்துக்கிடப்பவரை வைன்லேண்ட் 'தனியாகச் சமாளிக்கிறார்' என்று எழுதிவிடும், அவர் கொடுக்கும் விலை ஹூடாஸில் ஓரளவாவது தெரியும். ஆனால் நம் வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது: வழக்கமாகக் கிடைக்கும் உதவியோடு சேர்த்துத்தான் சிரமத்தைச் சொல்ல வேண்டும். அம்மா சோறு போட்டு, துணி எடுத்து வைத்து, பஸ் ஏற்றியும் விடுகிறார் என்றால் பதில் 'சிரமம் இல்லை' என்று வந்துவிடும்! அம்மா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது.

அங்கேதான் சிஸ் என்னும் ஆதரவுத் தீவிர அளவுகோல் கைகொடுக்கிறது. அமெரிக்காவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 2004-இல் வெளியானது, பெரியவர்களுக்கான வடிவம் 16 முதல் 64 வயது வரை. ஒவ்வொரு வேலைக்கும் மூன்றே கேள்வி: உதவி எத்தனை தடவை வேண்டும், ஒரு நாளில் எவ்வளவு நேரம், எந்த வகை. வகையிலும் படிகள் உண்டு, கண் வைத்திருந்தால் போதுமா, வாயால் சொல்ல வேண்டுமா, பாதி கை கொடுக்க வேண்டுமா, முழுக்கச் செய்துவிட வேண்டுமா என்று. இப்போது செய்யாத வேலையையும், செய்வதாக வைத்துக்கொண்டு என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறது. ஒருவருக்குக் குளியலில் 'சோப்பு போட்டாச்சா' என்று வெளியே நின்று கேட்டால் போதும், தினமும், அரை மணிக்குள். அவரே கேஸ் அடுப்பைத் தொடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வரியை வைத்து ஒரு விடுதியோ அண்ணியோ நாளைக்கே வேலையைத் தொடங்கலாம், 60 சதவீதம் என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

என் தேர்வு இதுதான்: சான்றிதழுக்கு ஐசா, வீட்டுக்கு சிஸ் கேட்கும் விதம். படிவம் கிடைக்காவிட்டாலும் அந்த மூன்று கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, அவரை நன்றாகத் தெரிந்த இருவரிடமாவது கேளுங்கள். கூடவே ஹூடாஸை அவரிடமே கேளுங்கள், பேசாதவர் என்றால் டைப் அடித்தோ படம் காட்டியோ. ஒலி, வெளிச்சம், கூட்டம் எல்லாம் இந்தக் கருவிகளில் சரியாகப் பிடிபடாது, அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

அந்த நோட்டு இன்னொரு இடத்திலும் உதவும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் வேண்டி விண்ணப்பித்தால், மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழு, காப்பாளர் தேவையா, எந்த நோக்கத்துக்குத் தேவை என்று பார்க்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு மட்டும் துணை தேவைப்படுகிறவருக்கு வாழ்க்கை முழுவதற்கும் காப்பாளரைக் கேட்டுவிடாதீர்கள், எந்தெந்த முடிவுக்கு உதவி என்று வரி வரியாக எழுதிக் கொடுங்கள்.