நாலடித் தொட்டியோடு மூன்று வருடம்: உயரத்தில்தான் தவறிவிட்டேன்

வீட்டில் கடல்மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டியைப் பற்றிய பேச்சு இது. போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ரெண்டடித் தொட்டிய விட்டுட்டு நாலடிக்குப் போகலாம்னு இருக்கேன். உங்களோடது எப்படி இருக்கு?" நல்லா இருக்கு, தயங்காம போங்க என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே டார்ச் என்ற பவள வகையின் ஒரு தலை (சதையோடு கூடிய ஒரு கிளை) பாறையிலிருந்து கழன்று, பின்பக்க மூலையில் மணலில் விழுந்தது. அதை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதன்பிறகு அந்தப் பதிலை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை.

என் தொட்டி 120 செ.மீ. நீளம், 60 அகலம், 75 உயரம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரவேற்பறையில் 85 செ.மீ. ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. அதாவது விளிம்பு தரையிலிருந்து 160 செ.மீ. உயரத்தில். என் கை அக்குளிலிருந்து விரல்நுனி வரை 64. மணல் 4 செ.மீ. கனம். விளிம்பிலிருந்து மணல் மேல்மட்டம் வரை 71. ஸ்டூலில் ஏறி, விளிம்பு அக்குளில் அழுந்த, கன்னத்தைக் கண்ணாடியில் பதித்து நீட்டினாலும் 7 செ.மீ. எட்டாது. மூன்று வருடமாக இந்த ஏழு சென்டிமீட்டரோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறேன்.

அந்த ராத்திரி, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர், பம்ப் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மனைவி பக்கவாட்டிலிருந்து டார்ச் லைட் அடித்தார். "என்னங்க, ஸ்டூல் ஆடுது, பார்த்து" என்று நாலு தடவை சொல்லியிருப்பார். கையில் நீண்ட இடுக்கி. இடுக்கியின் முனை பவளத்தின் அடிக்கட்டையைத் தொட்டது, ஆனால் பிடிக்க முடியவில்லை. நீளமான இடுக்கியை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தண்ணீருக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது முயற்சியில் அது உருண்டு பாறைக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் மேல்பாறை ஒன்றைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். அதற்குள் சதை இரண்டு இடத்தில் பவளத்தின் சுண்ணாம்பு எலும்பின் கூர்விளிம்பில் கிழிந்திருந்தது. மூன்றாம் நாள் கிழிந்த இடத்தில் பழுப்புக் கூழ் படர ஆரம்பித்தது. டார்ச், ஹேமர் வகைப் பவளங்களை வளர்ப்பவர்களுக்கு அந்தக் கூழ் என்றால் என்னவென்று தெரியும்: சதையை அழித்துக்கொண்டே பரவும் நோய். அயோடின் கரைசலில் முக்கிப் பார்த்தேன், காப்பாற்ற முடியவில்லை. ஒற்றைத் தலையாக வாங்கி ஐந்து தலையாகப் பெருக்கிய பவளம் அது. பழைய தொட்டியில் இருந்திருந்தால் கையை விட்டு இரண்டு நொடியில் எடுத்திருப்பேன்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். பெரிய தொட்டி என்ற அளவில் இது என்னை ஏமாற்றவே இல்லை. பழையது 60×45×45, சுமார் 120 லிட்டர். அதில் டோஸிங்கை, அதாவது பவளத்துக்கான தாதுக்கரைசல் ஊற்றுவதை, ஒருநாள் மறந்தால் ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்டப் பயன்படுத்தும் கார்பனேட்டின் அளவு) 0.6 dKH இறங்கும். இரண்டு நாள் வெளியூர் போய் வந்தால் 8.2 இருந்தது 7.0 ஆகியிருக்கும், அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளுக்கத் தொடங்கியிருக்கும். அதே பவளங்களைப் புதுத் தொட்டிக்கு மாற்றிய பிறகு இரண்டு நாளுக்கு 0.3தான் இறங்கியது. உப்பின் அளவும் அப்படித்தான். இங்கே அறை வெப்பம் முப்பதைத் தொடுகிறது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஃபேனும் ஓடுகின்றன, தினமும் 5, 6 லிட்டர் ஆவியாகிறது. ஆவியான அளவைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் ஒருநாள் மக்கர் பண்ணினாலும் இந்தக் கொள்ளளவில் மீன்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியூரில் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்றால் அது இந்தத் தண்ணீரின் அளவால்தான்.

மஞ்சள் டாங் மீன் இன்னொரு சந்தோஷம். ஹவாயில் 2015இல்தான் இந்த இனத்தை முதன்முதலாகக் குஞ்சிலிருந்து முழுமையாக வளர்த்தெடுத்தார்கள். என்னிடம் இருப்பதும் அப்படிப் பண்ணையில் பிறந்த மீன். நாலு சென்டிமீட்டராக வந்தது, இப்போது உள்ளங்கை அளவு. காலையில் விளக்கு எரிந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்து, சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தில் பக்கவாட்டில் அதன் வெள்ளை முள் ஒரு நொடி மின்னும். ரெண்டடித் தொட்டியில் இதைப் பார்க்கவே முடியாது. ஆனால் கவனியுங்கள், அது பயன்படுத்துவது நீளத்தையும் அகலத்தையும்தான். மேலிருந்து கீழே அது நீந்தி நான் பார்த்தது குறைவு.

பிறகு ஏன் 75? முதலில் 60 உயரம்தான் கேட்டேன். கடையில், "அதே ஸ்டாண்ட், அதே இடம், 108 லிட்டர் கூடுதல், 300 சிங்கப்பூர் வெள்ளிதான் அதிகம்" என்றார்கள். கணக்கு சரிதான். 120×60 பரப்பில் 15 செ.மீ. கூட்டினால் 108 லிட்டர் வரும். லிட்டர் கூடினால் நல்லது என்று எல்லாரும் சொல்லிக் கேட்டே வளர்ந்தவன், தலையாட்டிவிட்டேன்.

அந்த 108 லிட்டருக்கு நான் கொடுத்த விலை 300 வெள்ளியோடு நிற்கவில்லை. கண்ணாடி மேல் விழும் அழுத்தம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது, லிட்டரைப் பொறுத்தது அல்ல. அதனால் கண்ணாடி 15 மில்லிமீட்டராக ஆனது, காலித் தொட்டியே கிட்டத்தட்ட 130 கிலோ. லிஃப்ட்டிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர ஏழு பேர் தேவைப்பட்டார்கள். அப்புறம் விளக்கு. பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியை அளக்கும் பார் மீட்டரை ஒரு நண்பரிடம் கடன் வாங்கி அளந்தால் மேல்பாறையில் 320, மணலில் 60. மூன்றாவது விளக்கு வாங்க வேண்டியதாயிற்று. கரண்டு பில்லைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

தரையின் பாரத்தை அவசியம் யோசியுங்கள். இங்கே வீடுகளின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். 72 செ.மீ. ஆழத்துக்கு உப்புத்தண்ணீர் நின்றால் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 740 கிலோ அளவில் வரும். கட்டடப் பொறியாளரிடம் காட்டி, அடியில் உத்தரம் ஓடும் சுவரோரமாக வைத்த பிறகுதான் நிரப்பினேன். இதில் தயவுசெய்து யாரும் குத்துமதிப்பாகப் போக வேண்டாம்.

ஆனால் இவையெல்லாம் ஒருமுறை செலவு, ஒருமுறை கவலை. கை எட்டாதது தினசரி. மணல்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியில் பாசி படிந்தால் காந்தத் துடைப்பானை அங்கே இறக்கக் கூடாது, ஒரு மணல்துகள் சிக்கினால் கோடு விழுந்துவிடும். என் முன்கண்ணாடியில் 4 செ.மீ. நீளத்துக்கு அப்படி ஒரு கோடு இருக்கிறது, மாலை வெயில் சாய்ந்து விழும்போது அது மட்டும்தான் கண்ணில் படும். கையில் பிளேடோடு நிதானமாகச் சுரண்ட வேண்டிய இடம் அது. பின்மூலையில் ஏப்டேசியா (களையாகப் பரவும் சின்னக் கடல்சாமந்தி) முளைத்தால் மருந்து ஊசியை அதன் வாய்க்கு நேராகப் பிடிக்க முடியவில்லை. பாதி மருந்து தண்ணீரில் கரைந்து, அது உள்ளே சுருங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மூன்றாக வந்து நிற்கும். நத்தை கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்தக் குச்சி தேட வேண்டும். எட்டவில்லை என்பதால் வேலைகளைத் தள்ளிப்போடுகிறேன், தள்ளிப்போட்டதெல்லாம் சேர்ந்து ஒருநாள் பெரிய வேலையாக வந்து நிற்கிறது. பழைய தொட்டியில் தினம் இரண்டு நிமிடம் கை வைத்தேன், அது எப்போதும் பளிச்சென்று இருந்தது.

இன்னொன்றும் போயிற்று. ரெண்டடித் தொட்டியின் விளிம்பு 120 செ.மீ. உயரத்தில் இருந்தது. காலையில் கோப்பியோடு நின்று, பம்பை நிறுத்திவிட்டு மேலிருந்து பார்ப்பேன். பண்ணையில் வளர்த்த சின்ன குரோசியா சிப்பி ஒன்று இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் பழுப்பு. மேலிருந்து பார்த்தால் அதன் சதை விளிம்பெல்லாம் மயில்கழுத்து நீலம், நடுவில் பச்சைப் புள்ளிகள். நிழல் பட்டதும் சட்டென்று சுருங்கி, மெதுவாக மறுபடி விரியும். அந்தச் சிப்பி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. மேலிருந்து அதைப் பார்த்து மூன்று வருடமாகப் போகிறது.

இன்று புதிதாக வாங்குவதென்றால் 120×75×50 வாங்குவேன். அகலத்தில் 15 கூட்டி உயரத்தில் குறைத்தால் 450 லிட்டர் வருகிறது, நான் முதலில் கேட்ட 60 உயரத் தொட்டியின் 432ஐ விட அதிகம். பாறையைப் பின்கண்ணாடியிலிருந்து தள்ளி வைத்து, பின்னால் மீன் சுற்றிவர இடம் விடலாம். கண்ணாடி 12 மில்லிமீட்டர் போதும் என்கிறார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பரப்பு கூடினால் கரண்டு போகும்போது சம்ப்புக்குள் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இறங்கும் தண்ணீரும் கூடும். அந்த அளவில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 9 லிட்டர். சம்ப்பில் அதற்கு இடம் விட்டு வையுங்கள். 75 அகலம் வாசலிலும் லிஃப்ட்டிலும் நுழையுமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

இத்தனை நன்றாக ஓடும் தொட்டியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன் என்று சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. பவளங்கள் வளர்ந்திருக்கின்றன, டாங் கொழுத்திருக்கிறது, ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இருந்தாலும் இதை வாங்காதீர்கள்.

தம்பிக்குப் போன் பண்ணி, கடைக்குப் போகும்முன் அக்குளிலிருந்து விரல்நுனி வரை அளந்து அனுப்பச் சொன்னேன். நேற்று ராத்திரி அனுப்பினார்: 61. அவர் கேட்டிருந்த உயரம் 70. வேண்டாம், ஐம்பதுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.