டிடர்மினருக்கென்றே ஒரு பயிற்சி: 6 வாரம் படித்து முடித்தபின்

சரக்கு வந்து இறங்கியதும் எண்ணிப் பார்த்து ஆங்கிலத்தில் மெயில் போடுவது என் வேலைகளில் ஒன்று. ஒருநாள் வந்த பெட்டிகளில் 6 நசுங்கியிருந்தன. 'ஃபியூ பாக்ஸஸ் ஆர் டேமேஜ்ட்' என்று எழுதி அனுப்பினேன். சில பெட்டிகள் சேதமாகியிருக்கின்றன, கவனியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. படித்தவருக்கோ, சேதம் ரொம்பக் குறைவு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று பட்டிருக்கிறது. மாற்றுப் பெட்டி வரவே இல்லை. கேட்டபோது, "பெரிதாக ஒன்றுமில்லை என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. 'எ ஃபியூ' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ஓரெழுத்து 'எ' விட்டுப்போயிருந்தது.

அதற்கப்புறம்தான் டிடர்மினர்களை மட்டும் சொல்லித்தரும் இந்த ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன். 6 வாரம், நாளுக்கு 20 நிமிடம். டிடர்மினர் என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று எது, யாருடையது, எத்தனை என்று காட்டும் சொல். எ, ஆன், தி, திஸ், தீஸ், மை, ஈச், எவ்ரி, மச், மெனி, சம், எனி எல்லாம் இந்தக் கூட்டம்தான். பழைய பாடப்புத்தகங்களில் இவற்றில் பலவற்றை அட்ஜெக்டிவ் கணக்கில் சேர்த்திருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, தனியாக உட்கார்ந்து இவற்றைப் படித்த நினைவு எனக்கில்லை.

இந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்தது அதன் முறை. வாக்கியத்தில் ஒரு கோடிட்ட இடம் இருக்கும். அதை உடனே நிரப்ப விடாது. முதலில் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைத் தொட வேண்டும். எண்ணக்கூடியதா, இல்லையா? ஒன்றா, பலவா? இந்த இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் கோடு திறக்கும். முதல் வாரம் முழுக்க எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில், அது கேட்பதற்கு முன்பே என் கண் பெயர்ச்சொல்லுக்குப் போவதைக் கவனித்தேன். நான் கட்டிய கட்டணம் அந்தப் பழக்கத்துக்கே தகும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் மிகவும் தேவை. 'இந்த' என்ற நம் சொல் ஒன்றுக்கும் பலவுக்கும் மாறாது. இந்த மரம், இந்த மரங்கள். எண்ணைச் சொல்லிவிட்டால் 'கள்' கூடக் கட்டாயமில்லை. நாலு மரம் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலம் அப்படி விடாது. 'திஸ் ட்ரீ', 'தீஸ் ட்ரீஸ்' என்று இரண்டு சொல்லும் சேர்ந்தே மாற வேண்டும். 'திஸ் புக்ஸ்', 'டென் ஃபைல்' என்று நாம் எழுதுவது தமிழ் அப்படியே இறங்கி வருவதால்தான்.

பயிற்சி தமிழுக்கென்று செய்ததல்ல. ஒவ்வொரு பாடத்திலும் தமிழில் இது எப்படி என்று நானே நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். என்னைச் சறுக்கவிட்ட ஃபியூ விஷயம் அப்படித்தான் பிடிபட்டது. 'எ ஃபியூ பாக்ஸஸ்' என்றால் 'சில பெட்டிகள்'. 'ஃபியூ பாக்ஸஸ்' என்றால் 'சில பெட்டிகளே'. நாம் கடைசியில் ஓர் ஏகாரம் போட்டுச் சொல்வதை ஆங்கிலம் முன்னால் இருக்கும் 'எ'வை எடுத்துச் சொல்லிவிடுகிறது. எண்ண முடியாதவற்றுக்கும் இதே கதைதான்: 'எ லிட்டில் டைம்' என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது, 'லிட்டில் டைம்' என்றால் நேரமே போதாது.

ஒவ்வொரு, எவ்ரி இரண்டும் ஒரே மாதிரி நடக்கின்றன. 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பது நம் காதுக்கே உறுத்தும். 'எவ்ரி ஸ்டூடண்ட்ஸ்' ஆங்கிலக் காதுக்கு அப்படித்தான். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நம்மில் பலர் எழுதுகிறோம். ஆனால் 'என் நண்பரில் ஒருவர்' என்று தமிழில் சொல்வோமா? 'நண்பர்களில் ஒருவர்' என்றுதான் வரும். ஆகவே 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. வினைச்சொல் மட்டும் அந்த 'ஒன்'னைப் பார்த்து 'இஸ்' ஆகும்.

எ, ஆன் பாடம் எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு மரம், ஓர் ஊர் என்று எழுத்துத் தமிழில் நாம் வைத்திருக்கும் அதே ஏற்பாடு அது. ஒரே வித்தியாசம், ஆங்கிலத்தில் எழுத்தை நம்பக்கூடாது, காதை நம்ப வேண்டும். 'ஹவர்' என்று எச் எழுத்தில் எழுதினாலும் ஒலி உயிரில் தொடங்குவதால் 'ஆன்'. 'யுனிவர்சிட்டி' யு எழுத்தில் தொடங்கினாலும் ஒலி யகரம் என்பதால் 'எ'. எம்பிஏ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது எகரம், அதற்கும் 'ஆன்'. இந்தப் பாடத்தில் எல்லாச் சொல்லையும் ஒலியாகக் கேட்கலாம், நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஒரு குட்டித் தகவலும் வரும்: 'ஏப்ரன்' என்ற சொல் இடைக்கால ஆங்கிலத்தில் 'நேப்ரன்' போல நகரத்தில் தொடங்கியதாம். 'எ நேப்ரன்' என்பதைக் கேட்டவர்கள் 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக்கொண்டதில் அந்த நகரம் இடம் மாறிவிட்டது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட் எதற்கும் ஆங்கிலத்தில் எஸ் வராது, முன்னால் 'எ'வும் 'மெனி'யும் வராது. 'என்னுடைய அந்தச் சட்டை' என்பதும் தமிழில் சரி, 'மை தட் ஷர்ட்' ஆங்கிலத்தில் தப்பு. 'தட் ஷர்ட் ஆஃப் மைன்' என்று சுற்றித்தான் போக வேண்டும்.

குறை என்று பார்த்தால், திருத்தும் பகுதி சில இடங்களில் தேவைக்கு மேல் கறார். 'நன் ஆஃப் தி பாக்ஸஸ் ஆர்' என்று எழுதினால் சிவப்புக் கோடு போடுகிறது. 'இஸ்', 'ஆர்' இரண்டும் இன்று வழக்கில் இருப்பவைதான். 'எவ்ரி டூ வீக்ஸ்' என்பதையும் தப்பு என்றது. எவ்ரிக்குப் பின் ஒருமைதான் என்ற விதியை அங்கேயும் இழுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தை ஒரே தவணையாக எண்ணும்போது அது சரியான ஆங்கிலம். அனதர், அதர் பாடத்துக்கு 4 கேள்விகள்தான் வைத்திருக்கிறார்கள், போதாது. 'அனதர் ஃபைல்', 'அதர் ஃபைல்ஸ்' என்பது கை தவறாமல் வர எனக்கு 40 கேள்வியாவது வேண்டியிருந்தது.

சொந்தமாக வாக்கியம் எழுதச் சொல்லும் பகுதி கிடையாது. பெரிய குறை இதுதான். நிரப்புவது வேறு, எழுதுவது வேறு. அதனால் கடைசி வாரம் என் பழைய மெயில்களை எடுத்து வைத்துக்கொண்டு நானே திருத்தினேன். முதலில் எடுத்தது அந்தப் பெட்டி மெயில்தான். 'எ' சேர்க்கப் போன கை நின்றது. எண்களும் டிடர்மினர்தான் என்று ஐந்தாம் வாரப் பாடத்தில் படித்திருந்தேன். எத்தனை பெட்டி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். 'ஃபியூ'வை அடித்துவிட்டு 'சிக்ஸ்' என்று எழுதினேன்.