டிஎன்எஃப்-ஆல்ஃபாவா, இன்டர்லூக்கின்-8ஆ?

இரைப்பை அமிலம் நுரையீரலுக்குள் இறங்கி வரும் அழற்சியை ஆராயும்போது, செல்கள் சுரக்கும் இந்த இரண்டு சமிக்ஞைப் புரதங்களில் எதை அளப்பது என்பதுதான் கேள்வி. பாதிப்பு இரண்டு கட்டமாக வரும். முதலில் அமிலம் நேரடியாகச் சுடும் ரசாயனப் புண். 4-6 மணி நேரம் கழித்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் படையெடுப்பு.

டிஎன்எஃப்-ஆல்ஃபா அபாய மணி மாதிரி. நுரையீரல் காற்றறைகளில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் இதைச் சீக்கிரமே சுரக்கும், அளவு சீக்கிரமே குறையும். தாமதமாக எடுத்த மாதிரியில் அகப்படாமல் போகலாம். இன்டர்லூக்கின்-8தான் நியூட்ரோஃபிலைக் கையைப் பிடித்து இழுத்து வருவது. முயல்களில் ஆன்டிபாடி கொடுத்து அதைத் தடுத்தபோது காயம் வெகுவாகக் குறைந்தது. ஒன்றைத்தான் அளக்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்கே.

பெங்களூரு ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்: சுண்டெலிக்கு இன்டர்லூக்கின்-8 மரபணுவே கிடையாது. சுண்டெலியில் அதே வேலையைச் செய்யும் புரதங்களான கேசி அல்லது எம்ஐபி-2வை அளக்கும் கிட் வாங்குங்கள். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஐஸிலேயே வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கினால் அளவு இறங்கிவிடும்.