நவகிரக டூர் கார்ல இலை பாக்கப் போனோம்: கும்பகோணம் டு திருநள்ளாறு ரிவ்யூ

டெல்டாவுல இலை நிறம் மாறுறத பாக்க எங்க போலாம்னு கேக்குறவங்களுக்கு என் பதில், மாசி பாதிக்கு மேல கும்பகோணத்துல ஒரு நவகிரக டூர் கார் புக் பண்ணுங்க. கிண்டல் பண்ணல, நெசமாத்தான் சொல்றேன். ஒம்பது கோயிலும் தஞ்சாவூர் பக்கத்துலேருந்து காரைக்கால் வரைக்கும் பரவிக் கெடக்கு, கோயிலுக்கு ஒரு தலமரம், நடுவுல ரோட்டோரம் பூரா புளி, வேம்பு, புங்கன், அரசு, இத்தனையும் ஒரே நாள்ல சுத்திக் காட்டுற வண்டி வேற எது இருக்கு சொல்லுங்க. மார்க் முன்னாடியே போட்டுடுறேன்: டிரைவருக்கு 5க்கு 5, புக் பண்ண ஆபீசுக்கு 2, மரங்களுக்கு 4, வாதாங்கொட்டை மரத்துக்கு மட்டும் தனியா 5.

மொதல்ல சீசன் விஷயம், இதுலதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. அமெரிக்காவுல இருக்குற சொந்தக்காரங்க அக்டோபர்ல செக்கச்செவேல்னு மேப்பிள் மரத்துக்கு கீழ நின்னு போட்டோ அனுப்புவாங்க, காஷ்மீர் போனவங்க சினார் இலைய காட்டுவாங்க, உடனே நாமளும் ஐப்பசில நம்மூர்ல எதாவது கெடைக்குமான்னு தேடுறோம். ஐப்பசி கார்த்திகைல இங்க அடைமழைங்க. வடகிழக்கு பருவமழை கொட்டுற நேரம் எந்த மரம் இலைய கொட்டும், வருஷத்துலயே பச்சை அதிகமா இருக்குறது அப்பத்தான். குளிர் நாட்டுல பகல் கொறைஞ்சு குளிர் ஏற ஏற மரம் பச்சையத்த வாங்கிக்கிட்டு இலைய விட்டுடுது, நம்ம ஊர்ல குளிருக்கு வேலையே இல்ல, மண்ணு காயுறதுதான் கணக்கு. மேட்டூர்ல ஜூன் 12 திறக்குற தண்ணிய ஜனவரி 28ல நிறுத்துவாங்க (அணையில தண்ணி இருக்குற வருஷத்துல), அதுக்கப்புறம் ஆறு வாய்க்கால் எல்லாம் மெல்ல வத்தும், சம்பா அறுத்து வயல்ல உளுந்து பயறு நிக்கும், மண்ணு காய ஆரம்பிக்கும், அப்பதான் மரங்களும் பழச கழட்டும். அதனால மாசி, பங்குனி மொத வாரம் வரைக்கும், அவ்ளோதான் சீசன்.

இன்னொண்ணு, நம்மூர் மரத்துல நிறம் உதிர்ற இலையில கம்மி, வர்ற இலையிலதான் ஜாஸ்தி. வேம்பு, அரசு, மா, இலுப்பை எல்லாமே துளிர் விடுறப்ப செம்பு, ரோஸ், அரக்குன்னு வந்து, அப்புறமாத்தான் பச்சைக்கு மாறும். பச்சையம் முழுசா ஏறுறதுக்கு முன்னாடி அந்தச் செவப்பு நிறமிதான் இளசு இலைக்கு வெயில்லேருந்து ஒரு பாதுகாப்புன்னு சொல்றாங்க. அதனால தரையப் பாத்து நடக்காதீங்க, அண்ணாந்து பாருங்க.

சரி சர்வீசுக்கு வர்றேன். கும்பகோணத்துல பஸ் ஸ்டாண்டு பக்கம் நவகிரக டூர் போர்டு வச்ச டிராவல்ஸ் ஏகப்பட்டது இருக்கு, அரசு பஸ்லயும் நவகிரக டூர் விட்டிருக்காங்க, அது சாமி மட்டும் கும்பிடுறவங்களுக்கு சரி, நமக்கு நெனச்ச எடத்துல நிறுத்தணும்ல, அதனால கார். அத்தைக்கு ரொம்ப நாளா ஒம்பது கோயிலும் ஒரே நாள்ல முடிக்கணும்னு ஆசை, எனக்கு மரம், ரெண்டும் ஒண்ணா முடிஞ்சுது. போன்லயே தெளிவா சொன்னேன், வழியில நாலஞ்சு எடத்துல மரம் பாக்க நிறுத்தணும்னு. "அதுக்கென்ன சார் தாராளமா"ன்னாங்க. இந்த தாராளத்தப் பத்தி கடைசில சொல்றேன்.

விடியக்காலம் அஞ்சரைக்கு வண்டி வாசல்ல நின்னுச்சு, சீட்டு கவர் சுத்தம், சாம்பிராணி நாத்தம் இல்ல, பாட்டு இல்ல, இதுக்கே பாதி மார்க். டிரைவர் அண்ணனுக்கு ஒரு அம்பது வயசு இருக்கும், திருவிடைமருதூர் பக்கம் சொந்த ஊரு. திங்களூர் முடிச்சு ஆலங்குடி போற வழியில ஒரு அரசமரத்தடியில மொதல் தடவை நிறுத்தச் சொன்னப்ப திரும்பி ஒரு மாதிரி பாத்தாரு. "மரத்த பாக்கவா சார் காசு குடுத்து வந்துருக்கீங்க?" அத்தை பின்னாடிலேருந்து, "அவன் சின்ன புள்ளையிலேருந்தே இப்படித்தான் தம்பி, நீங்க நிறுத்துங்க"ன்னுச்சு. அந்த மரம் பாதி மஞ்சள், பாதி மொட்டை, ஒரே ஒரு கெளை மட்டும் முழுசா துளிர் விட்டு மேல வர்ற சூரியன் அது வழியா பாஞ்சு இலை ஒவ்வொண்ணும் நரம்போட தெரியுது, வால் மாதிரி நீண்ட அந்த நுனி கூட ரோஸ் கலர். அண்ணனே எறங்கி வந்து நின்னுட்டாரு. அதுக்கப்புறம் நான் சொல்லவே வேண்டியதில்ல, அவரே பிரேக் போட ஆரம்பிச்சுட்டாரு.

ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில் மூணையும் வேகமா தாண்டிடுறேன், இலை கணக்குல பெருசா ஒண்ணும் இல்ல. ஆலங்குடி தலமரம் பூளைச் செடி, சூரியனார்கோயில்ல வெள்ளெருக்கு, திருநாகேஸ்வரத்துல செண்பகம், கும்புட்டுட்டு வந்துடலாம். கோயில் உள்ள இலை பாக்குறதுல ஒரு சிக்கல் வேற இருக்கு, காலையிலேயே பிரகாரம் பூரா கூட்டி அள்ளிடுறாங்க, ஒரு இலை தரையில கெடைக்காது. வெளி வீதில அத குவிச்சு கொளுத்துவாங்க பாருங்க, அந்தப் பொகையத்தான் தாங்க முடியல, தழை உரமா வயலுக்குப் போக வேண்டியத ஏன் கொளுத்துறாங்களோ.

கஞ்சனூர்ல கொஞ்சம் நிதானமா நின்னோம். சுக்கிரன் ஸ்தலம், தலமரம் புரசு, பலாசுன்னும் சொல்வாங்க. ஒரு காம்புக்கு மூணு இலை, ஒவ்வொண்ணும் உள்ளங்கைய விடப் பெருசு, சாப்பாட்டுக்கு தைச்ச இலை போடுவாங்கள்ல அதுக்கு உதவுற இலை. மாசில பழுத்து வெளுத்து விழுந்துடும், மொட்டைக் கெளையில கருப்பு வெல்வெட் மாதிரி மொட்டு கட்டி அதுலேருந்து ஆரஞ்சுப் பூ வெடிக்கும். நாங்க போனப்ப இலை முக்கால்வாசி போயிருந்துச்சு, மொட்டு இருந்துச்சு, பூ அங்கொண்ணு இங்கொண்ணு. பங்குனில போனா பூ ஜாஸ்தி கெடைக்கலாம், ஆனா அப்ப வேம்பு அரசுல செம்பு நிறம் போயி பச்சையாயிடும், ரெண்டும் சேந்து கெடைக்காது. அத்தை மரத்த சுத்தி வந்துட்டு, "புரசு சந்திரனுக்கு உள்ள சமித்தாச்சே, சுக்கிரனுக்கு அத்தில்ல"ன்னு யோசிச்சுக்கிட்டே வந்துச்சு (சமித்துன்னா ஒவ்வொரு கிரகத்துக்கும் ஹோமத்துல போடுற குச்சி), டிரைவர் அண்ணனும் அதுவும் திருப்பனந்தாள் வரைக்கும் ஒம்பது சமித்தையும் ஒப்பிச்சுக்கிட்டு வந்தாங்க, எனக்கு வன்னி, நாயுருவி தாண்டி மனசுல நிக்கல.

இப்ப முக்கியமான டிப்ஸ். மத்தியானம் கோயில் நடை சாத்திட்டா சாயந்தரம் நாலு மணிக்கு மேலதான் தொறப்பாங்க, எல்லா டூர் வண்டியும் அந்த நேரத்துல ஒரு ஏசி ஹோட்டல் வாசல்ல கொண்டு போய் நிறுத்திடும், மூணு மணி நேரம் வீண். நீங்க அந்த கேப்பத்தான் மரத்துக்கு எடுத்துக்கணும். நாங்க சாப்பாட்டப் பொட்டலம் கட்டிக்கிட்டு மணல்மேடு பக்கம் இலுப்பைபட்டு போயிட்டோம். தேவாரத்துல திருமண்ணிப்படிக்கரைன்னு வர்ற ஊரு, தலமரம் இலுப்பை. ஒரு காலத்துல டெல்டா கோயில் வெளக்கெல்லாம் இலுப்பெண்ணெயிலதான் எரிஞ்சுது, தோப்பு தோப்பா இருந்த மரம், இப்ப தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு. ஊர் எல்லையில ஒரு இலுப்பைக்கு கீழ துண்ட விரிச்சு உக்காந்தோம். இலுப்பையில இலை கெளை முழுக்க இருக்காது, நுனியில கொத்தா கூடி நிக்கும், பழுத்தது மஞ்சளா சுத்தி தொங்க, நடுவுல துரு கலர்ல பூ மொட்டு ஒரு கத்தை, அதுக்கும் நடுவுல கைக்கொழந்தை கை மாதிரி சுருண்டு செம்பு நெறத்துல கொழுந்து. கெளைய வளைச்சு கிட்டத்துல பாத்தா மொட்டு மேல மெல்லிசா ஒரு ரோமம் கூட தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா சின்னதா காத்து வரும், ஒரு பத்திருபது இலை எறங்கும். புளியோதரை டப்பாவுக்குள்ள ஒண்ணு விழுந்துச்சு. அண்ணன் பக்கத்து வரப்புல நின்ன புங்கன காட்டி, "இது இப்ப உதிர்த்துடும், பங்குனி கடைசில வந்து இதுக்கு கீழ நில்லுங்க தம்பி, வெயிலே பச்சையா தெரியும்"னாரு. சார் தம்பி ஆனது இங்கதான்.

நாலு மணிக்கு வைத்தீஸ்வரன்கோயில். தலமரம் வேம்பு. கோயில் மரத்த விட அந்த ஊரச் சுத்தி ரோட்டோரம் நிக்கிற வேம்புங்கதான் நல்லா இருந்துச்சு, பழுத்த இலை உதிர்ந்து முடிஞ்ச மரத்துல அரக்கு கலர் கொழுந்து, பக்கத்துலயே இன்னும் உதிராத மரம் ஒண்ணு மஞ்சளா. ஒரே தெருவுல ஒரே ஜாதி மரம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்டத்துல நிக்கும், குளிர் நாட்டுல மாதிரி மொத்த காடும் ஒரே வாரத்துல மாறுறது இங்க கெடையாது. மலை மலையா செவப்பு வேணும்னு எதிர்பாத்து வர்றவங்களுக்கு ஏமாத்தம்தான், முன்கூட்டியே சொல்லிட்டேன். திருவெண்காட்டுல வடவால், கொன்றை, வில்வம்னு மூணு தலமரம், அதுல ஆலமரம் பெருசு, ஆனா கூட்டம், நிக்க முடியல. கீழப்பெரும்பள்ளம் சீக்கிரம் முடிஞ்சுது.

அங்கேருந்து திருநள்ளாறு போக ஈசிஆர்ல தரங்கம்பாடி வழியா போறப்பதான் நான் மேல சொன்ன வாதாங்கொட்டை மரம், பாதாம் மரம்னும் சொல்றது, நாம கொட்டைய கல்லால ஒடச்சு தின்ன அதே மரம். மத்ததெல்லாம் துளிர்ல செவக்கும்னா இது ஒண்ணு பழுத்து செவக்கும், மேப்பிளுக்கு கிட்டக்க வர்றது டெல்டாவுல இதுதான். கெளை தட்டு தட்டா அடுக்கி நிக்கிறதால வெளிச்சம் பக்கவாட்டுல நொழைஞ்சு ஒவ்வொரு அடுக்கும் தனியா எரியும். ஒரு வீட்டு வேலிக்கு வெளிய கெடந்தத ஒண்ண எடுத்துப் பாத்தேன், ஒரு சாண் நீளம், காம்பு பக்கம் மஞ்சள், நடுவுல ஆரஞ்சு, நுனி பீட்ரூட் கலர், நடு நரம்பு மட்டும் பச்சையாவே இருக்கு, பின்பக்கம் திருப்புனா மங்கலா வேற ஒரு செவப்பு. பைட்டர் மீன் வளக்குறவங்க தொட்டித் தண்ணியில போட காஞ்ச பாதாம் இலைய ஆன்லைன்ல காசு குடுத்து வாங்குறாங்க, இங்க வீட்டுக்காரம்மா, "அள்ளிக்கிட்டுப் போங்க, எனக்கு கூட்டுற வேலை மிச்சம்"னாங்க. கடலோர ஊருங்கள்ல பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன்னு எங்க பாத்தாலும் இது ஒண்ணு நிக்கும், இதுக்குன்னு டூரே தேவையில்ல. தை கடைசியிலேயே ஆரம்பிச்சுடும், அதையும் கணக்குல வச்சுக்குங்க.

இப்ப ஆபீஸ். பேசுன வாடகை 3500. ராத்திரி ஒம்பதரைக்கு எறங்குனா பில்லுல வெயிட்டிங் சார்ஜ்னு தனியா, கூடுதல் கிலோமீட்டர்னு தனியா, டிரைவர் பேட்டா தனியா. மத்தியானம் எல்லா வண்டியும் ஹோட்டல் வாசல்ல நிக்குதே அது வெயிட்டிங் இல்லையாம், இலுப்பை மரத்தடியில நின்னது மட்டும் வெயிட்டிங்காம். அவங்க சொல்ற ஹோட்டல்ல சாப்பிடாததுதான் உள்குத்துன்னு அண்ணன் காதோரமா சொன்னாரு. பேசி கொறைச்சேன், முழுசா இல்ல. அதனால புக் பண்றப்பவே நிறுத்துறதுக்கு காசு உண்டா, எத்தன கிலோமீட்டர் வரைக்கும் வாடகை, பேட்டா உள்ளயா வெளியவான்னு வாட்ஸப்புல எழுத்துல வாங்கிடுங்க. அண்ணனோட நம்பர வாங்கி வச்சுக்கிட்டேன், அடுத்த வாட்டி நேரா அவருக்குத்தான் போன்.

மாசிமகத்த ஒட்டி மட்டும் போயிடாதீங்க, கும்பகோணத்துல ரூமும் கெடைக்காது காரும் கெடைக்காது. 2028ல மகாமகம் வருது, அந்த மாசி மொத்தமும் மறந்துடுங்க.

கோடியக்கரை போலாமான்னு கேட்டாங்க, இலைக்குன்னா வேண்டாம். அது வறண்ட காடுதான், ஆனா பசுமை மாறாத காடு, பாலை மரமெல்லாம் உதிர்க்காது, மானும் பறவையும் பாக்குறதுன்னா போங்க. தஞ்சாவூர் பக்கம் தங்குறவங்க புதாத்துக் கரையில, அதான் கல்லணைக் கால்வாய், தேக்கு வரிசை எங்க இருக்குன்னு விசாரிச்சுட்டு ஒரு காலை நடந்துட்டு வாங்க, காஞ்ச இலை பெருசு பெருசா கெடக்கும், பேசுனா காது கேக்காத அளவுக்கு சத்தம். கொழுந்து வந்தப்ப ஒண்ணு கிள்ளி கசக்குனீங்கன்னா மருதாணி வச்ச மாதிரி வெரல் செவந்துடும், புள்ளைங்களுக்கு புடிக்கும்.

பிச்சாவரம் தனி நாளா வச்சுக்குங்க, நவகிரக டூரோட சேக்கவே முடியாது. சிதம்பரத்துலேருந்து ஒரு 15 கிலோமீட்டர். அங்க தில்லை மரம் உதிர்றதுக்கு முன்னாடி இலை நல்லா செவக்கும், சிதம்பரம் கோயிலோட தலமரமே இதுதான், ஆனா பாக்கணும்னா இந்த அலையாத்திக் காட்டுக்குத்தான் வரணும். வாய்க்கால் குறுகுற எடத்துல கெளை படகுக்குள்ளயே வரும், புள்ளைங்க கை நீட்டி இலைய பறிக்கும், விடாதீங்க, காம்ப ஒடச்சா வெள்ளையா பால் வரும், தோல்ல பட்டா கொப்பளம், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. துடுப்பு போடுறவரு சொன்னாலும் சொல்லாட்டியும் புள்ளைங்கள படகு நடுவுல உக்கார வச்சுடுங்க.